வாடிய லெதர் பவளத்துக்கு முட்டம் கடல் தண்ணீரா, உப்புப் பொடித் தண்ணீரா?

நாகர்கோவிலில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு யோசனை வரும். வண்டியை எடுத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முட்டம். தண்ணீர் சும்மா கிடக்கிறது. அப்புறம் ஏன் காசு கொடுத்து, தொட்டிக்குக் கடல்நீர் செய்யும் உப்புப் பொடி வாங்கிக் கலக்க வேண்டும்? தொட்டி நன்றாக இருக்கும்வரை எதை ஊற்றினாலும் ஓடிவிடும். ஒரு பவளம் வாடத் தொடங்கும்போதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

என் தொட்டி 120 லிட்டர். லெதர், மஷ்ரூம், பட்டன் பாலிப் என்ற மூன்று வகை மென் பவளங்களும் கலந்து வளர்கின்றன. கல் பவளம் கிடையாது. கல் பவளங்கள் அத்தனையும், கடல்விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போன ஆனியில் ஒரு காலை, குடை மாதிரி விரிந்து நிற்கும் லெதர் சுருங்கிக் கிடந்தது. அதன் மேல் பூப்போல நீட்டி நிற்கும் பாலிப்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. தலையின் மேல் மெழுகு தடவியதுபோல ஒரு பளபளப்பு. பதறிப்போய், நல்ல தண்ணீர் மாற்றினால் சரியாகும் என்று கடற்கரைக்கு ஓடி 40 லிட்டர் கொண்டுவந்து ஊற்றினேன். முந்தின ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. ஊற்றிய பிறகுதான் கேனில் மிச்சமிருந்த சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய உப்பு 29தான் இருந்தது. தொட்டியின் உப்பு ஒரு மணி நேரத்துக்குள் 35லிருந்து 33க்கு இறங்கியது. சாயங்காலத்துக்குள் பட்டன் பாலிப்புகளும் மூடிக்கொண்டன.

கடல் கெட்டுப்போகவில்லை. கரையோரத் தண்ணீர்தான் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், கடியபட்டணம் பக்கம் வள்ளியாறும், மணக்குடியில் பழையாறும் அந்த மாதங்களில் உப்பில்லாத தண்ணீரைக் கடலில் கொட்டுகின்றன. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கூடவே வரும். தென்மேற்குக் காற்று வீசும்போது ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருவது வேறு. அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம். மீன்வளத்துக்கு அது வரம், ஆனால் வாடிய பவளம் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஆகாது. துறைமுகத்துக்குள் மொள்ளவே கூடாது. டீசல் படலம் கண்ணுக்கே தெரியும்.

இதைச் சொல்லிப் புலம்பியபோது முட்டத்தில் வள்ளத்துக்குப் போகும் ஒரு பாட்டா சொன்னார்: "மக்களே, ஆனி ஆடியில கடல் கலங்கித்தான் கிடக்கும். தைக்குப் பெறவு வா, கண்ணாடி மாதிரி அள்ளித் தாறேன்." அது முழுக்க உண்மை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கரையை விட்டு ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் மொண்டுவரும் தண்ணீர் அருமையானது. கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் சொச்சம், மெக்னீசியம் 1280 சுற்றி, அல்கலினிட்டி (pH ஆடாமல் தாங்கும் திறன்) dKH அளவில் 7க்குச் சற்றுக் கீழே. நுண்தாதுக்களும் இயற்கை அளவிலேயே இருக்கும். துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுத்தால் போதும். செலவு பெட்ரோல் மட்டும்தான்.

உப்புப் பொடிக்கு மழை, காற்று பற்றிய கவலை இல்லை. ஆனால் அதைக் கரைக்கும் தண்ணீரில் ஏமாந்துவிடுவோம். முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வீட்டு ஆர்ஓ மெஷினும் சரிப்படாது. குடிக்க ருசி வேண்டும் என்பதற்காகப் பல மெஷின்களில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று உண்டு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் டிஐ (தாதுக்கள் நீக்கிய) தண்ணீர்தான் வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் பொடி போட்டு, சின்ன மோட்டார் வைத்து ஒருநாள் சுழலவிடுங்கள். இன்னொன்று: "ரீஃப்" என்று போட்ட பொடிகள் சிலவற்றில் அல்கலினிட்டி 11, 12 வரை போகும். கடல் தண்ணீரில் ஓடிய தொட்டிக்குள் அதை ஊற்றினால் 7லிருந்து ஒரே தாவல். மென் பவளத்துக்கு 8 இருந்தாலே தாராளம். அந்த அளவில் கிடைக்கும் சாதாரண தொட்டி உப்புப் பொடியை வாங்குங்கள்.

பவளம் வாடியிருக்கிறது என்றால் என் தேர்வு உப்புப் பொடிதான், மாதம் எதுவாக இருந்தாலும். கடல் தண்ணீர் தரம் குறைந்தது என்பதால் இல்லை. நேற்று ஊற்றியதும் நாளை ஊற்றப்போவதும் ஒரே தண்ணீர் என்று பொடியில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வாடிய உயிருக்கு மாறாத தண்ணீர் வேண்டும். இந்த வாரம் கடல், அடுத்த வாரம் பொடி என்று மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் நாலு நாளுக்கு ஒருமுறை 12 லிட்டர் மட்டும் மாற்றி, மெல்ல மெல்ல 33ஐ 35க்குக் கொண்டுவந்தேன்.

மருந்தில் முக்குவதா, கார்பன் போடுவதா என்றும் ஒரு கேள்வி வரும். லெதர் பக்கத்துப் பவளங்களை அண்டவிடாமல் வைக்கத் தண்ணீரில் ஒரு நச்சை விடும். வாடும்போது அது கூடும். கலப்புத் தொட்டியில் மற்றவையும் சேர்ந்து சுருங்குவதற்கு இது ஒரு காரணம். அதனால் முதலில் ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். மருந்தில் முக்குவதற்கு முன் தண்டைத் தொட்டுப் பாருங்கள். தண்டு கெட்டியாக இருந்து மேலே மெழுகுப் படலம் மட்டும் இருந்தால் அது தோல் உரிக்கிறது. வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் மோட்டார்) அந்தப் பக்கம் சற்றுத் திருப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். தண்டு கொளகொளத்து, கருத்து, நாற்றம் வந்தால் அது அழுகல். வெளியே எடுத்து, நல்ல சதை தெரியும்வரை கூரான பிளேடால் வெட்ட வேண்டும். கையுறை கட்டாயம். பட்டன் பாலிப்பைத் தொடுவதானால் கண்ணாடியும் போடுங்கள். அதன் விஷம் ஆளையே படுக்க வைத்துவிடும்.

என்னுடையது தோல்தான் உரித்துக்கொண்டிருந்தது. பதறாமல் இருந்திருந்தால் கடற்கரைக்கே போயிருக்க வேண்டாம். பதினோராம் நாள் படலம் நனைந்த காகிதம்போல ஒரு ஓரத்தில் கிழிந்து ஆடியது. மறுநாள் அடியில் வெளிறிய புதுத்தோல் தெரிந்தது. அதற்கு மூன்றாம் நாள் விளிம்பில் நாலைந்து பாலிப்புகள் எட்டிப் பார்த்தன. தை பிறந்ததும் பாட்டாவிடம் கேன் கொடுத்து விட்டேன். வந்த தண்ணீரில் வாரம் 5 லிட்டர்தான் பொடித் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறேன்.