ஹிப்னோதெரபியா, பழக்கத்தை மாற்றுவதா? சிகரெட்டை விட்ட ஒரு பால்வெட்டுக்காரனின் கணக்கு

இரண்டையும் செய்து பார்த்தவன் நான். முதலில் ஹிப்னோதெரபி, அதாவது மனசை ஒருமுகப்படுத்தி யோசனை சொல்லி நடத்தும் சிகிச்சை. அது 11 நாள் தாங்கியது. அடுத்த வருஷம் ஒரு நோட்டு, ஒரு பேனா, புகைக்குப் பதிலாக மெல்லுகிற நிக்கோட்டின் கம் கொஞ்சம் என்று பழக்கத்தை மாற்றும் வழிக்குப் போனேன். அது இன்றைக்கு 14 மாதம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் வழி எனக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எனக்குச் சொந்தமாக 300 ரப்பர் மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் வெட்டு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது; இடைநாளில் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு. காலை நாலரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஏழு மணிக்குக் கடைசி மரம். அதன் பிறகு பால் வடிந்து சிரட்டை நிறையும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மாவில்தான் 22 வருஷம் புகைத்தேன். நாளைக்கு 12 சிகரெட், காசு முட்டினால் பீடி. பீடி லேசானது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அணைந்துவிடாமல் இருக்க விடாமல் இழுக்க வேண்டிய சாமான் எப்படி லேசாகும்?

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஹிப்னோதெரபி மூன்று சிட்டிங்குக்கு 4,500 ரூபாய் ஆனது, மூன்று நாள் வெட்டும் போனது. கம்முக்கு எட்டு வாரத்தில் 3,000 சொச்சம். இரண்டுமே நான் ஒரு மாதம் ஊதித் தள்ளியதைவிடக் குறைவு. விலையை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை.

ஹிப்னோதெரபிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பயந்தாள். "மயக்கிப் போட்டு கோழி மாதிரி கூவ வச்சிருவாங்க, வேண்டாம் கேட்டியளா." அப்படியெல்லாம் இல்லை. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். பத்துப் படி இறங்குவதாக நினைக்கச் சொல்லி எண்ணினார்கள். வெளியே பஸ் ஹாரன் அடிப்பது முழுக்கக் கேட்டது. கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா 200 வருஷத்துக்கு முன் பாரிசில் சொன்னதும் இதைத்தான்: வேலை செய்வது மயக்குகிறவரின் சக்தி இல்லை, படுத்திருப்பவரின் மனசு. அவருக்குப் பனாஜியில் சிலைகூட இருக்கிறது. புகைக்கென்றே ஒரே சிட்டிங்கில் செய்யும் முறையை 1970-இல் ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதினார். புகை உன் உடம்புக்கு விஷம், வாழ உனக்கு உடம்பு வேண்டும், அந்த உடம்பை மதித்துக் காக்கக் கடமைப்பட்டிருக்கிறாய். இந்த மூன்றைத்தான் எனக்கும் பாதி மலையாளம், பாதி தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இரண்டாவது சிட்டிங்கில் ஒரு கேள்வி வந்தது. "உங்களுக்குக் குமட்டுற நாத்தம் எது?" யோசிக்காமல் "ஒட்டுப்பால்" என்றேன். பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்துபோன ரப்பர் பால் அது. மழையில் நனைந்து மூட்டைக்குள் அழுகிய ஒட்டுப்பாலின் நாற்றத்தை அனுபவிக்காதவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வைத்தியர் அதையே பிடித்துக்கொண்டார். இனி ஒவ்வொரு இழுப்பிலும் ஒட்டுப்பால் நாறும் என்றார்.

நாறியது. பொய் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒருவர் பற்றவைத்ததும் குடலைப் பிரட்டியது. நாலு நாள் ராஜாவாகத் திரிந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் அந்த நாற்றத்தை மூட்டை கட்டி விற்று அரிசி வாங்குகிறவன். தினமும் அதில் கை வைத்து வைத்து ஒரு வாரத்தில் குமட்டல் தேய்ந்துவிட்டது. வைத்தியர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். என் தொழில் என்னவென்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

11-ஆம் நாள் சித்தப்பா மகனின் கல்யாணத் தலைநாள், காய்கறி வெட்டு. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஊரே கூடிக் காய் நறுக்கும். நறுக்கி முடித்த பிறகு பேச்சும் புகையும்தான். "மக்கா, இன்னைக்கு ஒண்ணு இழு, நாளைக்கு விட்டுக்கிடலாம்." இழுத்தேன். ஒட்டுப்பால் நாறவில்லை. வெறும் சிகரெட், அதுவும் ருசியாக.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மோட்டார் வாங்கப் போனால் எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்பே, கெட்டால் நன்னாக்க ஆள் பக்கத்தில் உண்டா என்று கேட்கிறவர்கள் நாம். சிகரெட்டை விடப் போகும்போது அதை யாரும் கேட்பதில்லை. அன்று ராத்திரி என் கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. காலையில் அந்த இடத்துக்கு ஃபோன் போட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள், இன்னொரு சிட்டிங் எடுக்கலாம் என்றார்கள். செவ்வாய் வருவதற்குள் நான் நாளைக்கு 12 சிகரெட்டுக்குத் திரும்பியிருந்தேன். தினம் கேட்கச் சொல்லி ஃபோனில் தந்த ஒலிப்பதிவைப் போட்டால் மூன்றாவது நிமிஷம் குறட்டை. நாலு மணிக்கு எழுகிறவன் வேறென்ன செய்வான்?

பழக்கத்தை மாற்றும் வழியில் மந்திரம் ஒன்றும் கிடையாது. முதல் வாரம் விடவே வேண்டாம், எழுது என்பதுதான் முதல் பாடம். ரப்பர் ஷீட் விற்ற கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், முன்னால் என்ன நடந்தது என்று குறித்தேன். ஒரு வாரம் எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நிஜமாகவே கொதி, அதாவது அடக்க முடியாத ஆசை, எடுத்துப் பிடித்தது நாளைக்கு நாலுதான். மற்றதெல்லாம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

நாலில் பெரியது, கடைசி மரம் முடிந்த உடனே பிடிப்பது. என் கடைசி மரம் ரோட்டோரம், சாயாக்கடைக்கு எதிரே. 22 வருஷமாக அதே வரிசைதான். வீட்டுக் கிணற்றடியில் தொடங்கி ரோட்டில் முடிப்பேன். வரிசையைத் திருப்பினேன். இப்போது ரோட்டில் தொடங்குகிறேன். நாலரைக்குக் கடை திறந்திருக்காது. ஏழு மணிக்கு வெட்டு முடியும்போது கிணற்றடியில் நிற்கிறேன், கைகழுவத் தண்ணீர், பக்கத்தில் வீடு. மரம் அதேதான், கத்தியும் அதேதான், கால் போகிற திசை மட்டும் வேறு. மூன்று சிட்டிங் செய்யாததை இது செய்தது.

வெட்டும்போது கொதி வந்தால் மரத்தை எண்ணுவேன். ஒரு தடவை கிளம்பும் கொதி சில நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். என் கணக்கில் எட்டு மரம். முதல் மூன்று நாள்தான் கொடுமை. வாய்க்கு எங்கள் பக்கத்து மாறாமலையில் விளையும் கிராம்பு ஒன்று.

2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பபுள்கம் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், நான் பட்டேன். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரைமணி நேரம் அப்படி வைத்திருக்கலாம். சாயா குடித்த உடனே போட்டால் மருந்து சரியாக ஏறாது, கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். இன்னொன்று யாரும் சொல்லாதது: புகையை விட்டதும் உடம்பு காஃபினைக் கரைக்கும் வேகம் குறைகிறது. அதே ஆறு கட்டன் சாயாவை (பால் விடாத டீ) குடித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் உருண்டு, சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாகக் குறைத்ததும் தூங்கினேன்.

ஐந்தாம் வாரம் இன்னொரு காய்கறி வெட்டு. மறுபடி இழுத்தேன், பாதி சிகரெட். இந்தத் தடவை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன்: வழுக்கினால் மிச்சத்தை அங்கேயே போடு, ஒரு கம் போடு, எங்கே எப்படி என்று எழுது. எழுதியது இதுதான்: "ராத்திரி 11.20. அடுப்புப் பக்கம். காய் தீர்ந்துவிட்டது. கை சும்மா." இரண்டு வருஷமும் கூட்டாளிகளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கூட்டாளிகள் இல்லை, காலியான கை. மறுநாள் காலை வழக்கம்போல வெட்டுக்குப் போனேன், புகைக்கவில்லை. ரிப்பேர் செலவு ஒரு கம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம் இல்லாமல் நோட்டு மட்டும் போதுமாயிருந்திருக்குமா என்றால், நான் அப்படிச் செய்து பார்க்கவில்லை. முதல் வருஷத்துச் சிட்டிங்குகள் உள்ளே எங்கோ ஒரு விதை போட்டிருக்கலாம், அதையும் மறுக்க மாட்டேன். தக்கலையில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஒரே சிட்டிங்கில் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஹிப்னாசிஸ் நிலைக்குள் போகிற தன்மை ஆளுக்கு ஆள் மாறும், அவர் சட்டென்று போகிற ரகம். அவர் காய்கறி வெட்டுக்கும் போகிறவர் இல்லை. என் அனுபவத்தைத் தாண்டிப் பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2019-இல் 14 ஆய்வுகளில் இருந்த 1,926 பேரைச் சேர்த்துப் பார்த்து, மற்ற உதவிகளைவிட ஹிப்னோதெரபி மேல் என்று சொல்லச் சான்று போதாது என்றது. நிக்கோட்டின் மாற்று மருந்து, விடுகிற வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுவதாக அதே குழு 2018-இல் சொல்லியிருக்கிறது.

ஹிப்னோதெரபிதான் வேண்டும் என்றால் மனநல மருத்துவரிடமோ பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ போங்கள். ஒரே நாளில் உத்தரவாதம் என்று போர்டு வைத்த இடம் வேண்டாம். மனச்சிதைவு மாதிரி நோய் இருந்தவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். நீங்களே வீட்டில் செய்துகொள்ளும் சுய ஹிப்னாசிஸைக் கற்றுத்தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் தொழிலையும் மறக்காமல் சொல்லுங்கள். நோட்டு வழிக்கு வருகிறவர்கள் 1800 11 2356 என்ற அரசு இலவச எண்ணில் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கல்யாணம். சனிக்கிழமை ராத்திரிக்குத் தேங்காய் துருவுகிற பக்கத்தில் எனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். 200 தேங்காய் என்றார்கள்.