செங்கல் இடுக்கில் காரை உதிர்ந்தால்: சுண்ணாம்பா, சிமெண்டா?

எங்கள் வீடு பாபநாசம் பக்கம், தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டு. கொல்லைச் சுவரில் காரை பொடிந்து, விரலை வைத்தால் மாவாகக் கொட்டியது. 12 வருஷத்துக்கு முன் ஒரு கொத்தனார் அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் வைத்தார். ஒரே நாள் வேலை, பார்க்கவும் கெட்டி. நாளடைவில் அந்தச் சிமெண்ட் கோடு மட்டும் ஜன்னல் சட்டம் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. நடுவிலிருந்த செங்கல் அரை அங்குலம் உள்ளே போய்விட்டது.

ஐப்பசி மழையில் சுவர் குடித்த ஈரம் பிறகு வெளியேற வேண்டும். சுண்ணாம்புக் காரை வழி விடும். சிமெண்ட் விடாது. ஈரம் செங்கல் வழியாகத்தான் வரும், கூடவே உப்பும் வரும். அது செங்கல் முகத்தில் பூத்துத் தோலை உரித்துவிடும். பழைய சூளைச் செங்கல் மெத்தென்று இருக்கும். காரை அதைவிட மெத்தென்று இருக்க வேண்டும். காரை போனால் மறுபடி வைத்துக்கொள்ளலாம், செங்கல் போனால் என்ன செய்வது?

போதாததற்கு நம் ஊர்க் களிமண். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வீங்கும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். சுவரும் மயிரிழை அசையும். காரை அதற்கு நெளிந்து கொடுக்கும், சிமெண்ட் பிளந்துகொள்ளும்.

சுண்ணாம்பின் குறை, காலம். "ஐயா, இது இறுகுறதுக்குள்ள மழை வந்துடும்" என்பார்கள் கொத்தனார்கள். பொய்யில்லை, காற்றை வாங்கித்தான் இறுகும், வாரக்கணக்கில் ஆகும். அதனால் தை, மாசிதான் தோது. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இடுக்கை ஓர் அங்குலம் வரை உளியால் கொத்தி எடுங்கள். கிரைண்டர் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். இடுக்கை நனைத்து, காரை வைத்து, ஈரச் சாக்குப் போட வேண்டும். காரையில் சேர்க்கும் கடுக்காய், வெல்லத்துக்கு ஆளுக்கொரு கணக்கு. அவை இல்லாமலும் காரை நிற்கும்.

சிமெண்டாலேயே கட்டிய வீட்டுக்குச் சிமெண்ட்தான் சரி. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து கலந்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டினால் போதும். செங்கல் ஓரளவு கெட்டியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவழி உண்டு: சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9. அவசரக்காரக் கொத்தனார்களும் இதற்குச் சம்மதிப்பார்கள்.

பெயிண்ட் கடை டப்பாப் பசை பூச்சிலுள்ள மயிரிழை விரிசலுக்கு மட்டும்.

விரிசல் படிக்கட்டு மாதிரி சரிந்து ஏறினால் எந்தக் கலவையும் வாங்காதீர்கள். முனையில் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, ஒரு மழையும் ஒரு கோடையும் பாருங்கள். நீண்டால் கோளாறு அடித்தளத்தில்.

எங்கள் சுவரில் இந்தத் தையில் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். கூடவே ஏழு செங்கலும் பெயர்ந்து வந்தது.