சென்னை – மதுரை: விமானமா, ரயிலா?
வான்வழியில் சுமார் 420 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. ஆனால் மீனம்பாக்கத்துக்கு முன்கூட்டியே போய், பாதுகாப்புச் சோதனை முடித்து, மதுரையில் இறங்கி ஊருக்குள் வருவதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிடும்.

எழும்பூரிலிருந்து தண்டவாளத்தில் ஏறக்குறைய 495 கி.மீ. பகலில் தேஜஸ் எக்ஸ்பிரஸ் ஆறேகால் மணி நேரம் எடுக்கும். இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எட்டு மணி நேரம் போல. அதில் பெரும்பகுதி தூக்கம்தான். விடியற்காலை கொடை ரோட்டில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே டீக்காரர் குரல் கேட்கும். மதுரை ஜங்ஷனில் இறங்கினால் மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம் நடக்கிற தூரம்தான்!

அவசர காரியமென்றால் யோசிக்காமல் விமானம். கல்யாணம், திருவிழா என்றால் எனக்குப் பாண்டியன்தான். ஒரு பகல் முழுசாக மிஞ்சுகிறதே.