ஆணை எழுதும் கைகளுக்கான சட்டப் பயிற்சி: ஒரு மதிப்புரை

மனிதவளத் துறையில் பணியாற்றுவோருக்கென நடத்தப்படும் இணையவழித் தொழிலாளர் சட்டப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். சட்டப் பிரிவுகளின் எண்களை மனப்பாடம் செய்யவைத்து, இறுதியில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் வகுப்புகளே மிகுந்துள்ள இத்துறையில், நடைமுறையிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் பயிற்சி அரிது. இது அத்தகையது என்பதாலேயே விரிவாக எழுதத் தோன்றியது.

முதல் பாடத்திலேயே ஒரு பணிநீக்க ஆணையின் மாதிரியைத் திரையில் வைத்து, அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். குற்றச்சாட்டு தெளிவாக இருக்கிறது. அறிவிப்புக் காலத்துக்கான ஊதியமும் சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஆணையில் இடப்பட்டுள்ள தேதி, ஊழியர் நேரில் விளக்கமளிக்க ஒதுக்கப்பட்ட நாளுக்கு முந்தையது. முடிவை எடுத்துவிட்டுப் பெயருக்கு விசாரணை நடத்தினார்கள் என்பதற்கு அந்தத் தேதியே நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும். வழக்கறிஞரிடம் கோப்பு போய்ச் சேரும்போது இத்தகைய தவற்றைத் திருத்த வழியிருக்காது. அதைத் தடுக்கக்கூடியவர் ஆணையைத் தட்டச்சு செய்யும் மனிதவள அலுவலர் மட்டுமே.

பணிநீக்கம் குறித்த பாடங்களுக்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982இல் ஏற்ற 158ஆம் உடன்படிக்கையை அடிப்படையாகக் கொண்டிருக்கிறார்கள். ஊழியரின் திறன், அவரது நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை ஆகிய மூன்றில் ஒன்றைச் சார்ந்த தகுந்த காரணம் இல்லாமல் எவரையும் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். சங்க உறுப்பினராக இருப்பது, நிர்வாகத்தின் மீது புகார் அளிப்பது, கருவுற்றிருப்பது போன்றவை தகுந்த காரணங்கள் ஆகா. பணிநீக்கம் நியாயமற்றது என்று நிரூபிக்கும் சுமையை ஊழியர் தனியாகத் தாங்கும்படி விட்டுவிடக் கூடாது என்ற விதியை இவர்கள் விளக்கும் விதம் மிகச் சிறப்பு: எச்சரிக்கைக் கடிதம், அதற்கு ஊழியர் தந்த பதில், விசாரணைக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கச் செய்து, எந்தத் தாள் இல்லையென்றால் நிர்வாகத்தின் தரப்பு எங்கே நொறுங்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை என்பதையும், அந்தந்த நாட்டின் சட்டமே இறுதியில் செல்லும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய பகுதியும் பாராட்டுக்குரியது. அதே அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை, பயிற்சி பெறுவோர், தன்னார்வலர்கள், வேலை தேடி வருவோர் ஆகியோரையும் காக்கிறது. பணி தொடர்பான பயணங்களையும் மின்னணுத் தகவல் பரிமாற்றங்களையும் உள்ளடக்குகிறது. அலுவலகச் சுவர்களுக்குள் நடந்தால் மட்டுமே புகாரை ஏற்போம் என்று இன்னும் நினைத்திருக்கும் நிர்வாகிகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வேலை நேரம், விடுப்பு ஆகியவை பற்றிய பாடங்கள் வெறும் அட்டவணைகளே. அவற்றைத் தாண்டிச் சென்றாலும் இழப்பில்லை.

எனக்குப் பெரும் ஏமாற்றம் தந்தது ஒப்பந்தப் பணியாளர் பற்றிய பகுதி. ஒப்பந்தத்தில் ஒருவரை எப்பெயரால் அழைத்திருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, ஊதியம் எப்படித் தரப்படுகிறது என்பதையே முதன்மையாகக் கொண்டு அவர் ஊழியரா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டு 198ஆம் பரிந்துரை. யாருடைய கட்டளையின்படி வேலை நடக்கிறது, கருவிகளைத் தருபவர் யார், பணியாளரின் வருமானம் முழுவதும் அந்த ஓரிடத்திலிருந்தே வருகிறதா என்ற கேள்விகள் இன்று மனிதவள அலுவலரின் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. இத்தனை முக்கியமான பொருளுக்கு ஒரு சிறு காணொளியும் சில கொள்குறி வினாக்களும் போதவே போதாது. அந்த வினாக்களில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால் 'தவறு' என்று மட்டுமே திரை காட்டுகிறது, காரணம் சொல்வதில்லை.

எந்தப் பாடத்திலும் அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதி இல்லாததும் ஒரு குறை. சட்டத் திருத்தம் வந்த பிறகும் பழைய விதியைப் பின்பற்றி ஓர் ஆணை வெளிவருமானால், பாதிக்கப்படுவது ஓர் ஊழியரின் பிழைப்பு. வழக்காட விரும்புவோருக்கு இந்தப் பயிற்சி போதாது. கடிதம் எழுதும், விசாரணைக்கு ஏற்பாடு செய்யும், கோப்பைப் பேணும் அலுவலர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அவர்கள் ஒவ்வொரு விதியையும் தத்தம் நாட்டின் நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அலுவலகத்தில் பயன்படுத்த வேண்டும்.