ஒன்பதரை வருடப் பால்வாடி

2025 ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, பழக்கதோஷத்தில் கால் பால்வாடிப் பக்கம் திரும்பிவிட்டது. 2015 கடைசியில் மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டு பெயர் பதியப் போன நாள் முதல் நடந்த வழி. பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்று எழுதியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது பால்வாடி, பணியாளர் டீச்சர், உதவியாளர் ஆயாம்மா. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். நான் திண்ணையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். இரண்டு பிள்ளைகளையும் பால்வாடியை நம்பி வளர்த்த அனுபவத்தை எழுதுகிறேன். புகழவும் இருக்கிறது, வையவும் இருக்கிறது.

முதலில் பால்வாடி என்றால் சோறு என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் பதிந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் பெயரே ஊர் வாயில் நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியிருந்தது. அதன் கணக்குப்படி பால்வாடியின் வேலை ஆறு: ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது. இந்த ஆறில் எனக்கு உண்மையில் பயன்பட்டது எது என்று அப்போது கேட்டிருந்தால் முட்டை என்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் தராசு என்பேன்.

சத்துமாவை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் வீட்டுக்கே கொடுத்தனுப்பும் பாக்கெட். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்ந்த வறுத்த மாவு. விதிப்படி கர்ப்பிணிக்கு நாளைக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகப் போய்ச் சேர வேண்டும். நான் முதல் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு ஆட்டுக்குப் போட்டேன். மறைத்து என்ன பயன், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தோம். மூன்றாவது மாதம் ஆயாம்மா வீட்டுக்கு வந்தபோது ஆடு பாக்கெட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, ஒரு சொட்டு நெய்யும் நாலு வேர்க்கடலையும் வைத்து உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தார். அதன்பிறகு ஆட்டுக்குக் கிடைக்கவில்லை. கஞ்சியாகக் காய்ச்சினால் பசை மாதிரி இருக்கும். உருண்டையாகவோ தோசை மாவில் கலந்தோ சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். ஒன்பதரை வருடத்தில் வண்டு விழுந்த பாக்கெட் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் டீச்சர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டு வயது முடிந்தால் மையத்திலேயே சூடான சாப்பாடு. திங்கள், புதன், வியாழன் முட்டை, செவ்வாய் பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை, வெள்ளி உருளைக்கிழங்கு. சாப்பாட்டில் எனக்குப் பெரிய குறை இல்லை. மழை நாளில் விறகு நனைந்தால் சாதம் குழையும், அவ்வளவுதான். வீட்டில் முட்டையைத் துப்புகிற என் மகன், பத்துப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்தால் இரண்டாவது முட்டை கேட்பான். ஆயாம்மா எந்தத் தெருக்காரர் என்று பார்த்து, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போன குடும்பம் ஒன்று எங்கள் ஊரிலும் இருந்தது. இரண்டு மாதம் இழுத்துப் பார்த்தார்கள். புதன்கிழமைகளில் அந்தப் பையன் தூணைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அழ ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்கள்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது பெரிய உதவி. ஆனால் மையத்தில் வேகும் முட்டையும் வீட்டில் வேகும் முட்டையும் ஒன்றல்ல என்று அப்போதுதான் புரிந்தது. கணவருக்கு வேலை இல்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பிள்ளைக்கு என்று வந்த முட்டை நாலு தட்டுக்குப் பங்கானது. பங்கு போட்டவள் நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.

இனி தராசு. மாதா மாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பச்சைப் பட்டையில் இருந்தால் சரி, மஞ்சளுக்கு இறங்கினால் கவனிக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் உடனே ஆஸ்பத்திரி. மூத்தவனுக்கு ஒரு வயது தாண்டிய சமயம் அவன் அட்டையைச் சும்மா புரட்டினேன். 9.2, 9.4, 9.6, 9.8. நான் அளவெடுத்துப் பிழைப்பவள். ஒரே பெண்ணுக்கு நாலு மாதம் தொடர்ந்து இடுப்பளவு எடுத்தால்கூட இப்படிப் படிக்கட்டு மாதிரி வராது. இடையில் அவனுக்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வேறு. அப்போதிருந்த பணியாளரிடம் கேட்டேன். தராசு நாலு மாதமாகக் கெட்டுக் கிடக்கிறது, எழுதாமல் விட்டால் மேலே கேட்பார்கள் என்றார். சண்டை போட்டேன். அவரும் பாவம்தான், புதுத் தராசு கேட்டு எழுதிய கடிதங்களின் நகலை எடுத்து நீட்டினார். இருந்தாலும் சொல்கிறேன், எடை பார்க்காத மாதத்தில் கட்டம் காலியாக இருந்தால் தாய்க்குச் சந்தேகமாவது வரும். இட்டுக்கட்டிய எண் அந்தச் சந்தேகத்தையும் தூங்கவைத்துவிடும். என் ஒன்பதரை வருடத்தில் மிக மோசமான அனுபவம் இதுதான். கூரை ஒழுகி இரண்டு வருடம் சமுதாயக் கூடத்தில் நடந்ததையோ, கழிப்பறை இருந்தும் தண்ணீர் இல்லாததையோ நான் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை.

மகள் பிறந்தது 2019 நவம்பரில். அவள் மையத்துக்குப் போன காலத்தில் வேறு டீச்சர், என்னைவிட வயதில் சின்னவர். வந்த உடனே இழுபறி செய்து தராசு வாங்கிவிட்டார். 2022இல் மகளுக்கு ஜூன் மாதம் 10 கிலோ 200 கிராம். ஜூலையிலும் அதே. ஆகஸ்டில் 10 கிலோ 150. அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருக்க, இவள் புள்ளி மட்டும் அங்கேயே நின்று மஞ்சளுக்குள் விழுந்துவிட்டது. டீச்சர் அவளுடைய இடது மேல்கையில் வண்ண நாடாவைச் சுற்றினார். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. 12.3 காட்டியது.

“அக்கா, பாப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்கிறாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. நாடாவை என் கையில் கொடுத்து, “நீங்களே அளந்து பாருங்கள். அளவு உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

வீட்டுக்கு வந்து என் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். ஐந்து அங்குலம்கூட இல்லை. அப்போதும் மனசு ஒப்பவில்லை. இரவு அவள் பாவாடையை மடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் கீழே இரண்டு மூன்று டக் பிடித்துவைப்போம். உயரம் ஏற ஏற ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவோம். பொங்கலுக்கு மூன்று டக் பிடித்துத் தைத்த பாவாடை அது. ஆவணி வந்துவிட்டது. மூன்று டக்கும் நான் போட்ட தையலோடு அப்படியே இருந்தன. ஊர்ப் பிள்ளைகளின் பாவாடைகளுக்கெல்லாம் டக் பிரித்துக் காசு வாங்குகிறவள் நான்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.8, வயிற்றில் பூச்சி. பால்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுத்த சமயம் நாங்கள் என் அம்மா வீட்டில் இருந்துவிட்டோம். திரும்பி வந்து கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. மாத்திரையும் இரும்புச்சத்து சிரப்பும் கொடுத்தார்கள். அந்த வருடம் மே 21 அன்று உதகையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தைத் தொடங்கிவைத்திருந்ததால், இப்படி மஞ்சளில் இருக்கும் பிள்ளைகளைத் தனிப் பட்டியலில் எழுதித் தொடர்ந்து பார்த்தார்கள். டீச்சர் வாரம் ஒரு முறை வீட்டு வாசலில் நின்று “இன்று என்ன சாப்பிட்டாள்?” என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். சாதத்தில் ஒரு கரண்டி எண்ணெய் விடச் சொன்னதும், டீயை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். 2023 பொங்கலுக்கு 11 கிலோ 600. இரண்டு டக் பிரித்தேன்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, இலை ஒட்டுவது, மணலில் எழுதுவது. டீச்சர் இருந்த நாளில் நன்றாக நடந்தது. பிரச்சினை அவர் இல்லாத நாட்களில்தான். வாக்காளர் பட்டியல் வேலைக்கு இவர், கூட்டத்துக்கு இவர், கணக்கெடுப்புக்கு இவர். அந்த நாட்களில் ஆயாம்மா சமைத்துக்கொண்டே பிள்ளைகளையும் பார்ப்பார், பாட்டு இருக்காது. மூன்று வயதானால் வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், எங்கள் மையம் பள்ளி வளாகத்தில் இல்லாததால் எங்களுக்கு அது வரவில்லை. மகள் கடைசி வருடம் படிக்கும்போது மொத்தம் பதினோரு பிள்ளைகள். பதினோரு பேர் என்பதால் டீச்சருக்கு ஒவ்வொருவர் முகமும் மனப்பாடம், அதில் லாபம் எனக்குத்தான். ஒன்றாம் வகுப்பில் அவள் ஏபிசிடியில் பின்தங்கியிருக்கிறாள். கதை சொல்லச் சொன்னால் வகுப்பில் முதலில் எழுந்து நிற்கிறாள். எனக்கு இது போதும், உங்களுக்குப் போதுமா என்று தெரியாது.

தடுப்பூசி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதன்கிழமை கிராம சுகாதார செவிலியர் வருவார், போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு ஊசிகூடத் தவறவில்லை, ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இப்போது என் ஓரகத்தி கர்ப்பமாக இருக்கிறாள், மாவு வாங்க அவளோடு நான் துணைக்குப் போகிறேன். 2025 ஜூலை முதல் வீட்டுக்கு வாங்கிப்போகும் மாவுக்கு முகத்தைப் போனில் காட்டுவது கட்டாயம். சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் எங்கள் ஊரில் சிக்னல் புளியமரத்தடியில்தான் நன்றாகக் கிடைக்கும். கர்ப்பிணிகள் வரிசையாக மரத்தடியில் நின்று போனைப் பார்த்துக் கண் சிமிட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் பார்த்தால் கோபம் வரும். எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில்தான் ஏற்ற வேண்டும். நோட்டிலும் எழுத வேண்டும். மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநில அரசின் பங்கு சேர்ந்து இங்கே கூடுதலாகக் கிடைக்கிறது என்றாலும், அந்த வேலைக்கு அது காணாது.

புதிதாகச் சேர்க்கப்போகிறவர்கள் கேட்டால் ஒன்று மட்டும் சொல்வேன். எடை பார்க்கும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். தராசில் வருகிற எண்ணும் அட்டையில் ஏறுகிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் டீச்சருக்கு ஆள் நிற்பது பிடிக்கும்.

கைக்குழந்தைகளை எடை பார்க்க உத்தரத்தில் தொங்கும் கடிகாரத் தராசு ஒன்று உண்டு. கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த, ஜட்டி மாதிரித் துணி ஒன்றில் பிள்ளையை மாட்டித் தொங்கவிடுவார்கள். மையத்தில் இருந்த துணி நைந்து, விளிம்பு தொடையை அறுத்து, பிள்ளைகள் அலறுவார்கள். அசைந்தால் முள் நிற்காது, முள் நிற்காவிட்டால் குத்துமதிப்புதான். 2023இல் நான் காடாத் துணியில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தேன், தொடைப் பக்கம் பழைய பருத்திப் புடவையை உள்ளே வைத்து, பட்டிக்கு மூன்று தையல் போட்டு. போன வாரம் ஓரகத்தியோடு போனபோதும் அதுதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதக் குழந்தை ஒன்று அதற்குள் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. முள் ஆடாமல் நின்றது. டீச்சர் குனிந்து பார்த்து, எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு எழுதினார்.