பிராடோவும் சோளகப் புழுதியும்: ஆறு வருட அனுபவம்

கிளிநொச்சியில் ஒரு டொயோட்டா பிராடோ ஜீப் விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று போன கிழமை மச்சான் போனில் கேட்டார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டேர்போவை மாற்றிய என் பிராடோவை வவுனியா கராஜில் இருந்து எடுத்துக்கொண்டு மல்லாவிக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். அந்தக் கோபத்தில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது நியாயமில்லை. முழுவதையும் எழுதுகிறேன்.

என்னுடையது 150 மொடல், 1கேடி என்ற 3 லீற்றர் டீசல் எஞ்சின், ஒட்டோ கியர். 2019இல் வாங்கினேன். அடுத்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றுபோனது. 2025 பெப்ரவரியில் திறந்தும், புது ஜீப்புக்குரிய வரியைக் கேட்டவர்கள் பழையதைத்தான் தேடுகிறார்கள். மச்சானும் அப்படித்தான்.

எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 410 நியூட்டன் மீற்றர் இழுவை வந்துவிடுகிறது. போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் நெல் மூட்டையோடு ஒரு டிரக்டர் பெட்டி அச்சுவரை புதைந்து நின்றது. நாலு சில்லும் மெதுவாக, பலமாக இழுக்கும் எல்4 கியரில் போட்டுக் கயிற்றைக் கட்டினோம். அக்சிலேட்டரில் கால் வைத்ததும் வைக்காததுமாக மெதுவாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. கூடி நின்ற பெடியள் கைதட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துபோனது. ஏ9 வீதியில் நிதானமாக ஓடினால் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தருகிறது. டைமிங் பெல்ட்டை மட்டும் 1,50,000 கி.மீ.இல் மாற்றியே ஆக வேண்டும். டாஷ்போர்டில் விளக்கு எரியும், அதைத் தள்ளிப்போடக்கூடாது. நான் 1,48,000இல் மாற்றினேன்.

சரி, என் கோபம் புழுதியைப் பற்றியது.

வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் கிறவல் வீதிகளில் முன்னால் போகும் டிப்பரே தெரியாது. மாவு போன்ற செம்புழுதி. எஞ்சின் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான். எயார் பில்டரின் ரப்பர் விளிம்பு பெட்டியோடு ஒட்டி உட்காராவிட்டால் புழுதி பில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் காற்றை அளக்கும் சென்சரில் படியும். அப்புறம் டேர்போ. அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் வந்து மோதும் மணல் தூள் அரத்தால் அராவுவது போல இறகுகளைத் தின்றுவிடும்.

எனக்கு நடந்தது இதுதான். மாங்குளம் தாண்டி ஒரு லொறியை முந்தப் போனேன். மிதித்தும் ஜீப் எழும்பவில்லை, பின்னால் கறுப்புப் புகை. முதலில் காட்டிய இடத்தில் டீசலைப் பீச்சும் நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல் வவுனியாவில் வயதான ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் கம்பியூட்டரைத் தொடவில்லை. பில்டர் பெட்டிக்கும் டேர்போவுக்கும் இடையில் உள்ள குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் சிவந்து வந்தது. "தம்பி, இது ஒறிஜினல் பில்டர் இல்லை" என்றார். இறகுகளின் நுனி மழுங்கியிருந்தது.

அந்தப் பில்டர் போன சேர்விஸில் போட்டது. பில்டர் வந்த அட்டைப்பெட்டி ஒறிஜினல், விலையும் ஒறிஜினல், உள்ளே இருந்தது போலி. ஒரு பில்டரில் சேர்விஸ் செய்தவர்கள் சம்பாதித்தது சில ஆயிரம், எனக்குப் போனது இரண்டரை இலட்சம் ரூபாய். ஐந்து மாதம் பில்டர் பெட்டியைத் திறந்து பார்க்காதது என் பிழை, அதை மறுக்கவில்லை. ஆனால் நம்பிக் காசு கொடுத்தவனுக்கு இப்படிச் செய்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனிச் சோளக காலத்தில் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை நானே திறந்து பார்ப்பேன். ஊதுவதென்றால் குறைந்த காற்றில், உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். வெளியில் இருந்து ஊதினால் புழுதி பில்டர் தாளுக்குள் இறங்கும். ஒயிலை 5,000 கி.மீ.இல் மாற்றுகிறேன், ஏறத்தாழ ஏழு லீற்றர் பிடிக்கும். டீசல் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் மாதம் ஒருமுறை வடித்துவிடுகிறேன். நல்லகாலம், எஞ்சின் ஒயிலைக் குடிக்கவில்லை. சிலிண்டர்வரை சேதம் போகவில்லை என்று பாஸ் சொன்னார். புது டேர்போவோடு பழைய இழுவை அப்படியே திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவு புகழ்ந்தாலும் மச்சானுக்கு என் பதில் மாறவில்லை, இப்போதைக்கு எடுக்க வேண்டாம். இந்த எஞ்சினை நம்பி விடக்கூடிய கை வன்னியில் எனக்குத் தெரிந்து அந்த ஒரு பாஸ்தான், அவருக்கும் வயதாகிவிட்டது. என் ஜீப்பை விற்பாயா என்று கேட்காதீர்கள், விற்க மாட்டேன்.

மச்சான் கேட்க மாட்டார், எனக்குத் தெரியும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு வெள்ளைத் துணி கொண்டு வரட்டும். காசைப் பேச முதல் அந்தக் குழாயைக் கழற்றித் துடைத்துப் பார்ப்போம்.