அப்பள டப்பாவுக்குள் ஒரு கேமரா: மும்பையில் ஏழு வருஷம்

2018 தீபாவளிக்கு வாங்கிய கேனான் 200டி கேமராதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. பாடி, அதாவது லென்ஸ் மாட்டுகிற கேமரா உடம்பு, மாறவில்லை, லென்ஸ்கள்தான் வந்தும் போயும் இருந்தன. சயானில் வீடு, ஃபோர்ட்டில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமையானால் மாதுங்கா பூக்கடைகள், தாராவி, சிவ்ரி. கல்யாணத்துக்குப் படம் எடுத்துத் தரச் சொன்னால் கும்பிடு போட்டு நழுவிவிடுகிற ஆள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடையில் பெரிய பாடி ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். பிடிமானம் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் காலை எட்டரை லோக்கல் ரயிலில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அது உட்காராது. 200டி பேட்டரியோடு 453 கிராம். அந்த ஒரு காரணத்துக்காகவே எடுத்தேன், அதில் இன்றுவரை வருத்தமில்லை. 24 மெகாபிக்சல் எனக்குத் தாராளம். கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரில், கேமரா குறிபார்த்துத் தெளிவாக்குகிற ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதே என்பதுதான் குறை. ஓடுகிற பிள்ளைகளை ஓரத்தில் வைத்து எடுத்தால் பாதிப் படம் மங்கல். திரையைப் பார்த்து எடுத்தால் அதே கேமரா முகத்தைச் சரியாகப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது!

இனி லென்ஸ். எம்எம் எண் குறைந்தால் அகலமான பார்வை, கூடினால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். கேமராவின் கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் ஒழுங்கான பொருள், பகலில் எல்லாவற்றுக்கும் போதும். சாயங்காலம் ஆனால் திணறும். அதனால் எல்லோரும் சொன்னபடி 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினேன். பின்னணி வெண்ணெய் மாதிரி உருகும் என்றார்கள், உருகத்தான் செய்தது. ஒருவரும் சொல்லாதது வேறு. இந்தக் கேமராவில் படத்தைப் பதிகிற சென்சார் பழைய ஃபிலிம் அளவைவிடச் சின்னது, அதனால் எம்எம்மை 1.6-ஆல் பெருக்க வேண்டும். கையில் இருப்பது 50, படத்தில் கிடைப்பது 80 எம்எம் பார்வை.

அது உறைத்தது 2020 பொங்கலன்று. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிற்க இடமிருக்காது. பானை பொங்குகிற நேரம் பார்த்து, ஆச்சி ஒருத்தர் முகமும் பானையும் ஒன்றாக வரட்டும் என்று பின்னால் நகர்கிறேன், நகர்கிறேன். "ஏ தம்பி, பின்னால அடுப்பு கெடக்கு, பாத்து!" என்று சத்தம். திரும்பினால் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் கொள்ளி. நான் சுதாரிப்பதற்குள் பொங்கி முடிந்து குலவையும் ஓய்ந்துவிட்டது. என் படத்தில் பானை மட்டும், அதுவும் பாதி.

அடுத்த மாதமே 24 எம்எம் எஃப் 2.8 வாங்கினேன். 125 கிராம், தடிமன் இரண்டேகால் சென்டிமீட்டர் சொச்சம். மாட்டினால் லென்ஸ் இருப்பதே தெரியாது. 38 எம்எம் பார்வை என்பதால் சந்துக்குள் சுவரில் சாய்ந்து நின்றாலும் இரண்டு பேர் முழுசாக அடங்குவார்கள். 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். மாதுங்கா பூக்காரம்மா மல்லி தொடுக்கும்போது விரலில் சுற்றியிருக்கிற நார்கூடத் தெளிவாக வந்தது. இன்னொன்று: பெரிய லென்ஸைத் தூக்கினால் ஜனங்கள் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். இதைப் பார்த்து, "செல்லுல எடுக்கிறதுதானே?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். என் படங்களில் பத்துக்கு எட்டு இதில் எடுத்தவை.

தூரத்தைக் கிட்டே இழுக்கிற 55-250 எம்எம் ஜூம் லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. சிவ்ரி சேற்றில் பூநாரைகள் வருகிற மாதங்களில் மட்டும் வெளியே வரும். அலை நேரம் பார்த்துப் போகாவிட்டால் 250-லும் அவை ரோஜாநிறப் புள்ளிகள்தான். வருஷத்தில் நான்கு நாள் வேலைக்கு ஒரு லென்ஸ்! நண்பரிடம் இரவல் வாங்கியிருக்கலாம்.

அந்த லென்ஸ்தான் எனக்குப் பாடமும் எடுத்தது. 2021-இல் மழை தொடங்கியதும் அதைக் கேமராப் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். விநாயகர் சதுர்த்திக்கு எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ. போரா பஜார் பக்கம் ஒரு ரிப்பேர்காரர் செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துக் காட்டினார். வெள்ளை வேர்கள், மரம் மாதிரி கிளை விட்டு நின்றன. "ஃபங்கஸ்" என்றார், ஜலதோஷம் என்று டாக்டர் சொல்வதுபோல. துடைத்தார். ஆனால் பூசணம் மேல்பூச்சைக் கொஞ்சம் தின்றிருந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் இன்றும் படத்தில் பால் தெளித்த மாதிரி ஒரு மங்கல். கொடுத்த கூலிக்குப் பழைய லென்ஸ் ஒன்றில் பாதி வாங்கியிருக்கலாம்.

இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாமை. இந்த மூன்றும் பூசணத்துக்குப் போதும். அலமாரியில் வைத்த பஞ்சுப் பை மூன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற எலெக்ட்ரிக் டிரை கேபினட் வாங்க வீட்டில் இடமில்லை, மனைவியிடம் அனுமதியும் இல்லை. அதனால் ரப்பர் வளையம் போட்ட பெரிய அப்பள டப்பா, உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், துணிப்பையில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல்கட்டுப் பக்கம் வேண்டாம் என்று ஆரஞ்சு மணிகள் வாங்கினேன். பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. நான்கு மழைக்காலம் போயிற்று, புது வேர் எதுவும் முளைக்கவில்லை. ஏசி ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காமல் அரை மணி பைக்குள்ளேயே விடுகிற பழக்கமும் அப்போது வந்ததுதான். சில்லிட்ட கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் உடனே பனி பூத்துவிடும்.

இப்போது யாராவது கேட்டால்? 200டி மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவைப் புதுசாக வாங்கச் சொல்லமாட்டேன். கேனானே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. கையில் பணம் இருந்தால் ஆர்50 மாதிரி ஏதாவது பாருங்கள். பட்ஜெட் சின்னதென்றால் பழைய 200டியும் 24-ம் போதும், டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். என் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புதுப் பாடியிலும் ஓடும். ஆனால் அந்த 24-க்குப் பின்னால் அடாப்டரைச் செருகினால் அதன் ஒல்லி உடம்பே போய்விடும், அதனால்தான் நானே இன்னும் மாறவில்லை.

நேற்று ராத்திரி மீட்டர் 57 காட்டியது. மணிகள் முக்கால்வாசி பச்சை. வாணலியைப் பரணிலிருந்து இறக்கவேண்டும்.